ஆறட்டும் என்றொரு கட்டளை

நான் கணினிகளை அணைக்கும் வேலை பார்க்கிறேன் என்றுதான் எங்கள் வீட்டில் வெகுகாலம் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது என் மாமியார், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார்: "காலேசுல மத்தவுக எல்லாம் கம்ப்யூட்டரை ஓட விடுறாக. எங்க மருமக மட்டும் நிப்பாட்டுறா. அதுக்கும் சம்பளம் குடுக்குறாகல்ல." தேனி கடைவீதியில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்த என் கணவர் அருளப்பனுக்கு இதைவிடச் சற்றுப் பெரிய நம்பிக்கை இருந்தது. அணைக்கத் தெரிந்தவளுக்குப் பழுது பார்க்கவும் தெரியும் என்று எண்ணி, சுற்றத்தார் வீட்டு சார்ஜர்களையும் ரேடியோக்களையும் பையில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். அவற்றில் ஒன்றைக்கூட நான் சரிசெய்ததில்லை. ஆனாலும் அத்தை சொன்னதை நான் மறுத்ததும் இல்லை. அதில் பாதி உண்மை.

சென்ற மாதம், கல்லூரியில் இப்போது என் இடத்தில் இருக்கும் நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். "மேடம், லேப்ல இருக்குற பழைய மெஷினை எல்லாம் கழிச்சுக் கட்டுறோம். இனிமே எல்லாம் வாடகை சர்வர்லதான். உங்க ஸ்கிரிப்டை அப்படியே அங்க மாத்திட்டோம். ஒரே ஒரு இடம் மட்டும் புரியல. 'ஆறட்டும்'னு ஒரு கட்டளை இருக்கு. அது வந்து உடனே தாண்டிப் போயிருது, ஒண்ணுமே செய்ற மாதிரி தெரியல. எடுத்துரவா?"

"எடுத்துராதத்தா," என்றேன்.

காரணம் கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரணம் அல்ல அது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இது அவளுக்காகவும், அவளுக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவர்களுக்காகவும் எழுதியது.

பெரியகுளத்துக்கு அடுத்த ஒரு கிராமத்தில் ஆசிரியர் ஒருவரின் மகளாகப் பிறந்தேன். கணிதம் படித்தேன், பிறகு கணினிப் பயன்பாட்டில் மேற்படிப்பு. தேனிக்கு வெளியே, மலையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். பாடம் நடத்தும் வேலை அல்ல. ஆய்வு மாணவர்களுக்குக் கணினிகளை ஆயத்தம் செய்து கொடுக்கும் வேலை. கற்றுக்கொண்ட ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையேடுகளைப் படித்தேன், தவறு செய்தேன், மீண்டும் படித்தேன்.

பல கணினிகள் ஒன்றோடொன்று பேசி, ஒரே கணினிபோல நடந்துகொள்ளும் அமைப்புகளைத்தான் எங்கள் ஆய்வகம் ஆராய்ந்தது. வங்கிக் கணக்கானாலும் ரயில் முன்பதிவானாலும், ஓரிடத்தில் இருப்பதாக நாம் நினைக்கும் செய்தி உண்மையில் பல இடங்களில் எழுதிவைக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று திடீரென நின்றுபோனால் மற்றவை கலங்காமல் காரியத்தை நடத்த வேண்டும். நடத்துமா என்று அறிய, ஒன்றை நாமே நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. ஆகவே அத்தை சொன்னது சரிதான். நான் நிறுத்தினேன். நிறுத்தியபின் மற்றவை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் அவர் அறியாத மறுபாதி.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் கையால் செய்தோம். ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு, "மூணை நிப்பாட்டு" என்று கூவுவார். மின்பலகை அருகே நிற்பவர், "எந்த மூணு, சொவத்துப் பக்கத்துல இருந்தா, வாசப் பக்கத்துல இருந்தா?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் ஆய்வு முடிந்திருக்கும். சில நாள் சுவரிலிருந்து மூன்றாவது கணினியும், சில நாள் வாசலிலிருந்து மூன்றாவது கணினியும் நின்றன. இரண்டுக்கும் ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்தோம்.

இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தவர் ராஜாங்கம் சார். எங்கள் ஆய்வகத்தின் பேராசிரியர், கம்பத்துக்காரர். பள்ளிப் படிப்பைக் குமுளியில் முடித்ததால், யோசிக்கும்போது "பின்னே?" என்று, 'அப்புறம்?' எனும் பொருளில் ஒரு மலையாளக் கேள்வி அவரிடமிருந்து வரும். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசாமல் இருப்பார். எதிரில் இருப்பவர்தான் பேசியாக வேண்டும். மாணவர் யாரேனும் ஒரு வரைபடத்தைப் பெருமையோடு கொண்டுவந்தால், அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். "இதை இப்பப் பாக்கல. மறுபடி செஞ்சு இன்னொண்ணு கொண்டாங்க." இரண்டாவது வந்ததும் எழுந்து சன்னலுக்குப் போவார். இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்து அழுத்தி, வெளிச்சத்தில் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். பொருந்தினால் தாள்களைத் திருப்பித் தருவார்; பொருந்தாவிட்டாலும் திருப்பித் தருவார். பாராட்டோ கடிந்துரையோ இல்லை. "மறுபடி வருது", "மறுபடி வரல" என்ற இரண்டு தீர்ப்புகள் மட்டுமே அவரிடம் இருந்தன.

அன்று எங்கள் கூச்சலைக் கேட்டுவிட்டு, "ரோஸ்லின், ஒருத்தருமே வாயைத் தொறக்காம இந்த ஆய்வை நடத்த முடியுமா?" என்றார்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த ஒரு கேள்விக்கு விடையாகவே கழிந்தது. ஒவ்வொரு கணினியையும் துடைத்தாற்போல் வெறுமையாக்கி, ஒரே மென்பொருளை ஒரே வரிசையில் ஏற்றி, இணைப்புகளைப் பொருத்தி, வேலையைத் தொடங்கி, குறித்த கட்டத்தில் குறித்த கணினியை நிறுத்தி, நடந்தவற்றைத் திரட்டி, இறுதியில் வரைபடத்தையும் வரைந்து தருகிற கட்டளைத் தொடரை எழுதினேன். ஒரு விசையை அழுத்தினால் போதும். முதல் கணினி முதல் கடைசிக் கோடு வரை மனிதக் கை படாது. சாருக்கு அதை ஓட்டிக் காட்டியபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, அறையின் அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முத்துச்செல்வி எங்களிடம் ஆய்வு மாணவியாக வந்தது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின். மேகமலையில் ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு ஒன்றில் பிறந்தவள். அவளுடைய சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய் பாண்டியம்மாள் அங்கே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தார். சின்னமனூருக்கு இறங்கும் பேருந்தின் குலுக்கலில் படித்தே கல்லூரிக்கு வந்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பாள். "அந்த ரோட்டுல படிச்சது மறக்காதுக்கா. எழுத்து ஒவ்வொண்ணா உள்ள எறங்கும்."

அவள் ஆராய்ந்தது தலைமை பற்றியது. பல கணினிகள் சேர்ந்து நடக்கும்போது ஒன்று தலைமை ஏற்க வேண்டும். அந்தத் தலைமை நிரந்தரமல்ல, குத்தகை. குறித்த நேரம்வரை நீ தலைவன், அதன்பின் புதுப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவருக்கு உள்ள அதே உரிமை, அதே வரம்பு. தலைமைக் கணினி நின்றுவிட்டால், அதன் குத்தகை முடிந்ததும் மற்றவை வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும். முத்துச்செல்வி இந்த மாற்றத்தை மிக விரைவாக நடத்தும் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தாள். கையால் நடத்திய ஆய்வில் ஒவ்வொரு முறையும் அது வென்றது. சன்னல் கண்ணாடியில் கோடுகள் பொருந்தின. வெளிநாட்டு மாநாடு ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: முன்பின் அறியாதவரும் ஓட்டிப் பார்க்கும்படி முழு ஆய்வையும் தானியங்கியாக அனுப்ப வேண்டும்.

ஆய்வு மாணவர் கையால் செய்து முறையை முடிவு செய்தபின்பே அதற்கான தானியங்கியை எழுதுவோம்; அது என் வேலை. அவள் தான் செய்வதை வரிசையாகச் சொன்னாள், நான் எழுதினேன். விசையை அழுத்தினோம்.

முறை நொறுங்கியது. மீண்டும் அழுத்தினோம், வென்றது. மீண்டும், நொறுங்கியது. ஏறக்குறைய பாதித் தடவைகளில் ஒரே நேரத்தில் இரண்டு கணினிகள் தம்மைத் தலைவன் என்று சொல்லிக்கொண்டன. ஒரே தோப்பில் இரண்டு குத்தகைக்காரர் ஏறிக் காய் பறிப்பதுபோல, ஒரே கணக்கில் இரண்டும் எழுதின.

முத்துச்செல்வி மறுபடியும் கையால் நடத்திக் காட்டினாள். வென்றது. நான் மறுபடியும் தானியங்கியை ஓட்டினேன். தோற்றது.

செய்தி துறைத்தலைவர் காதுக்குப் போயிற்று. அவர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர். எங்கள் எதிரிலேயே சாரிடம் சொன்னார்: "கையில செஞ்சா வருது, மெஷின்ல செஞ்சா வரலைன்னா என்ன அர்த்தம் சார்? கை எங்கயோ வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். பாவம், கஷ்டப்பட்ட குடும்பம், நம்பரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கும். இங்கனயே முடிச்சிருவோம்."

முத்துச்செல்வி எழுந்து நின்றாள். முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பாமல் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த ஆண்டே இதே கல்லூரியில் விரிவுரையாளர் பணி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பொய் எண் போட்டவள் என்ற பெயர் வந்துவிட்டால் இங்கே மட்டுமல்ல, எங்கும் கிடைக்காது.

ராஜாங்கம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பொய்யின்னு சொல்றீக. சரி. அந்தப் பொய்யும் மறுபடி வரணும்ல? இந்தப் பிள்ளை எங்கன பொய் சேத்துச்சு, எப்படிச் சேத்துச்சுன்னு இன்னொருத்தர் செஞ்சு காட்டணும். அதுவரைக்கும் அது பொய்யில்ல. மறுபடி வராத ஒண்ணு, அம்புட்டுதான்." பிறகு அவளைப் பார்த்து, "ஆத்தா, நாளைக்குக் காலையில கையில செய். ரோஸ்லின் கூடவே இருக்கட்டும்," என்றார்.

மறுநாள் நான் அவள் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். கணினிகளை வரிசையாக இயக்கினாள். மென்பொருளை ஏற்றினாள். இணைப்புகளைச் சரிபார்த்தாள். எழுதித் தந்த வரிசையிலிருந்து ஓர் இம்மிகூட விலகவில்லை. கடைசிக் கட்டளையை இடும் இடம் வந்ததும் கையை எடுத்தாள். "ஆறட்டும்," என்று சொல்லி எழுந்தாள். "வாங்கக்கா, டீ குடிச்சிட்டு வருவோம்."

நானும் எழுந்து போனேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதை இப்போதும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். கேன்டீனில் அமர்ந்து டீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். திரும்பிவந்து அவள் கடைசிக் கட்டளையை இட்டாள். முறை வென்றது.

உள்ளே வந்த சார் என்னிடம் கேட்டார்: "நடுவுல என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யல சார்."

"ஒண்ணுமா?"

"டீ குடிச்சோம்."

"பின்னே?" என்றார் சார். "அது எங்கன எழுதியிருக்கு?"

முத்துச்செல்விக்கு அது புரியவே நேரமாயிற்று. "அதை எல்லாமா சார் எழுதுவாக? அது சும்மா ஆறப்போடுறது."

"எதுக்கு ஆறப்போடுற?"

"தெரியல சார். எதையும் எறக்குனா ஆறட்டும்னு விடுவோம். பழக்கம்."

அன்று முற்பகல் முழுவதும் நாங்கள் மூவரும் டீயை ஆராய்ந்தோம். டீ குடிக்காமல் காத்திருந்து செய்தோம், வென்றது. டீ குடித்து முடித்தபின் கணினிகளை இயக்கி, உடனே தொடங்கினோம், தோற்றது. "அப்ப டீயில ஒண்ணும் இல்ல," என்று சார் மிகுந்த தீவிரத்தோடு சொன்னார். "கேன்டீன் அண்ணன் பேரைக் கட்டுரையில போட வேண்டியதில்லையே சார்?" என்றாள் முத்துச்செல்வி. பல நாளுக்குப்பின் அன்றுதான் அவள் சிரித்தாள்.

காரணம் கணினிகளின் கடிகாரங்களில் இருந்தது. எங்களுடையவை பழைய கணினிகள். இயங்கத் தொடங்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தைச் சொல்லும். பிறகு வலையமைப்பின் வழியே ஒன்றையொன்று கேட்டு, மெல்ல மெல்ல ஒரே நேரத்துக்கு வந்துசேரும். அவள் ஆறவிட்ட பொழுதில் அவை ஒத்துப்போயின. என் தானியங்கியோ அவை எழுந்தவுடனே வேலைக்கு அனுப்பியது. ஒரு கணினியின் கடிகாரத்தில் குத்தகை முடிந்திருக்கும். இன்னொன்றின் கடிகாரத்தில் முடிந்திருக்காது. இரண்டு தலைவர்கள் வந்தது அப்படித்தான்.

அவள் பொய் சொல்லவில்லை என்று நிலைநாட்டிவிட்டோம். துறைத்தலைவரும் வந்து, "தப்பா நினைச்சிட்டேம்மா," என்றார். அவருக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: "அதான் தெரிஞ்சு போச்சே. காத்திருக்குற மாதிரி ஒரு வரியைச் சேத்து அனுப்பிருங்க. மறுபடி வரும்ல? அவுக கேக்குறது அம்புட்டுதான."

ஒரு வரி. அதை எழுத எனக்குச் சில நொடிகள் போதும். சார் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "ஆத்தா, கட்டுரை மொதப் பக்கத்துல என்ன எழுதியிருக்க?"

"இந்த முறைக்குக் கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லைன்னு எழுதியிருக்கேன் சார்."

"பின்னே?"

சார் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறு என்று ஆணையிட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும் என்று அப்போது சாரின்மேல் எனக்குச் சிறு வருத்தம் உண்டாயிற்று.

தாழ்வாரத்தில் என்னோடு நடந்துவரும்போது சொன்னாள்: "அம்மாவுக்கு வர்ற தையில ரிட்டயர்டுக்கா. லைன் வீட்டைக் குடுத்துரணும். இந்த வேலைய நம்பித்தான் சின்னமனூர்ல வீடு பாக்கச் சொல்லியிருக்கேன்." கட்டுரையைத் திரும்பப் பெற்றால் ஆய்வேடு தள்ளிப்போகும், ஆய்வேடு தள்ளிப்போனால் வேலை வேறொருவருக்குப் போகும். இது இருவருக்கும் தெரிந்ததுதான். பேருந்து வரும்வரை கூட நின்றேன்.

மலைக்குப் போய்த் திரும்பியவள், நேரே சாரிடம் போய்க் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். பிறகு என்னிடம் வந்து அமர்ந்தாள். "அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கம்ப்யூட்டரு வெளங்கல. ஆறட்டும்னு விட்டதுலதான் எல்லாம் வந்துச்சுன்னு சொன்னதும், ஸ்டோர்ல ஏன் ஆறவிடுறோம்னு தெரியுமாடின்னு கேட்டாக. காயச்ச ஏலக்காயைச் சூடு தணியாம மூட்டை கட்டிட்டா மேல பாக்க நல்லாத்தான் இருக்குமாம். உள்ள வேர்த்து, நெறம் போயிருமாம். வாங்குனவன்தான் பிரிச்சுப் பாப்பான்னாக." என் மேசைமேல் கிடந்த கட்டுரையைக் காட்டி, "இது சூட்டோட கட்டுன மூட்டைக்கா," என்றாள்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. தை மாதம் வந்தது. எங்கள் மாடியில், கடைக்குக் கொண்டுபோகாத மோட்டார்கள் கிடக்கும் அறை ஒன்று இருந்தது. அங்கே பாண்டியம்மாள் தங்குவது பற்றி அருளப்பனிடம் எப்படித் தொடங்குவது என்று நான் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் முழுவதையும் கேட்காமலே, "மோட்டாருக்கு எந்த எடமா இருந்தா என்ன? கடைக்குக் கொண்டு போயிருவோம்," என்றார். அத்தைக்கு மட்டும் ஐயம். "மலைக் குளிர்ல இருந்தவளுக்கு இங்கன வெக்கை தாங்குமா? ரெண்டு மாசத்துல பெட்டியைத் தூக்கிருவா பாரு." வீட்டில் எல்லோரும் அதையே நம்பினோம்.

பாண்டியம்மாள் ஒரு தகரப் பெட்டியோடும், கம்பளியில் சுற்றிய படுக்கையோடும் வந்து இறங்கினார். வந்த அன்றே அத்தை அவரை உட்காரவைத்து என் வேலையை விளக்கியது எனக்கு அடுக்களைவரை கேட்டது. "எம் மருமக கம்ப்யூட்டரை நிப்பாட்டுற வேலை பாக்குறா." பாண்டியம்மாள் அமைதியாகச் சொன்னார்: "அப்படியா மதினி. எம் மக அதை ஆறப்போடுறா."

முத்துச்செல்வி தொடக்கத்திலிருந்து மறுபடி செய்தாள். கடிகாரங்கள் எவ்வளவு விலகினால் அவளுடைய முறை தாங்கும், எங்கே உடையும் என்று அளந்தாள். நான் தானியங்கியில் ஒரு புதிய கட்டளையைச் சேர்த்தேன். அது வெறுமனே காத்திருப்பதில்லை. ஒவ்வொரு கணினியிடமும் நேரம் கேட்கும். எல்லாம் ஒத்திருந்தால்தான் வழிவிடும். என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. புதிய கட்டுரையின் தலைப்பு முந்தையதைவிட அடக்கமானது. அதில் அவள் நிலைநாட்டுவதாகச் சொன்னதும் சிறியது. ஏற்றுக்கொண்டார்கள். நாங்கள் பார்த்தறியாத நாடொன்றில், பெயரறியாத யாரோ எங்கள் தானியங்கியை ஓட்டி, கிடைத்த வரைபடத்தை அனுப்பியிருந்தார்கள். சார் அதை அச்செடுக்கச் சொன்னார். எங்களுடையதையும் எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார். இரண்டு தாள்களையும் கண்ணாடியில் வைத்து அழுத்தியபடி வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். கோடு ஒன்றாகத்தான் தெரிந்தது.

"மறுபடி வந்திருக்கு," என்றார்.

துறைத்தலைவர் அன்று இனிப்பு வாங்கி வந்தார். அவரை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். தவறாகச் சந்தேகித்ததை வெளிப்படையாகச் சொன்ன அதிகாரிகளை நான் அதிகம் கண்டதில்லை.

நிவேதா, வாடகைக் கணினிகளின் கடிகாரங்கள் எப்போதும் ஒத்தே இருக்கும். அதனால்தான் அந்தக் கட்டளை உடனே தாண்டிப் போகிறது. ஒன்றும் செய்யவில்லை என்று உனக்குத் தோன்றும்போது, எல்லாம் ஒத்திருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. என்றாவது ஒரு நாள் அது அங்கேயே நின்றுவிட்டால், அதை விரட்டாதே. எந்தக் கடிகாரம் என்று பார். பெயரை ஆங்கிலத்தில் மாற்றலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம்.

ராஜாங்கம் சார் ஓய்வுபெற்றுக் கம்பத்துக்குத் திரும்பி, அங்கேயே காலமானார். அத்தை தம் கடைசி ஆண்டில் பாண்டியம்மாள் ஊட்டினால் மட்டுமே சாப்பிட்டார். அருளப்பனும் போய்ச் சேர்ந்தார். கடையை அவர் தம்பி மகன் நடத்துகிறான். முத்துச்செல்வி வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்தை நடத்துகிறாள். தாயைக் கூட்டிப்போக வந்தாள், தனியே திரும்பிப் போனாள், மறுபடியும் வந்தாள். "குளுரை நான் மேகமலையிலேயே பாத்துட்டேன், நீ போயிட்டு வா," என்று ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் கிடைத்தது.

இந்த வீட்டில் இப்போது பாண்டியம்மாள் அக்காவும் நானும் இருக்கிறோம்.